இருபது மீட்டர்: ஒரு சமூகம் நடையை அளந்த கதை

கிரிக்கெட் பிட்ச் எவ்வளவு நீளம்னு கேட்டா நம்மாளுங்க தூக்கத்துல கூட சொல்லிடுவாங்க. 22 கெஜம். மீட்டர்ல சொன்னா 20.12. பேட்ஸ்மேன் ஒரு ரன் எடுக்க ஓடுற தூரம், கிட்டத்தட்ட. பிரிட்டனில் நடக்கச் சிரமப்படும் ஒருவருக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையின் தலையெழுத்தும் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. 20 மீட்டருக்கு மேல் நடக்க முடியாது என்றால் உயர்ந்த விகிதம். முடியும் என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால், உடம்பு எந்த நிலைமையில் இருந்தாலும், ஒரு படி கீழே.

'பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்', சுருக்கமா 'பிப்' என்கிற அந்த உதவித்தொகையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. லண்டன் பக்கம் இருக்கிற நண்பர்கள் பலர் வீட்டில் இந்தப் பேச்சு அடிபடுவதைக் கேட்டிருப்பீர்கள். "அம்மாவுக்கு பாயின்ட் பத்தலையாம்", "அண்ணனோட காரைத் திருப்பிக் கேட்கிறாங்களாம்" என்று. அந்த முடிவை எதிர்த்து அப்பீல் செய்ய, பாதிக்கப்பட்டவருக்காக வீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவர் கையில் இருக்கிற சட்ட வார்த்தைகள் எங்கிருந்து வந்தன, யார் சண்டை போட்டு வாங்கியது, யார் பிடுங்கினது என்று பார்த்தால், அது பெரிய கதை. கொஞ்சம் நீளம். காபியோட உட்காருங்க.

நீல வண்டி

முதலில் காசு கிடையாது, வண்டிதான். முதல் உலகப்போரில் கால் போன சிப்பாய்களுக்கு ஓய்வூதிய அமைச்சகம் மூணு சக்கர வண்டி கொடுக்க ஆரம்பித்தது. 1948ல் தேசிய சுகாதார சேவை வந்தபோது அது சாதாரண மக்களுக்கும் வந்தது. இந்த வண்டிகளில் பேர் பெற்றது 'இன்வாகார்'. அதன் பிறப்பே ஒரு சொந்தக்காரர் கதைதான். பெர்ட் கிரீவ்ஸ் என்ற எஞ்சினியருக்கு டெர்ரி பிரெஸ்டன்-காப் என்று ஒரு கசின். உடம்பு செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். கிரீவ்ஸ் ஒருநாள் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது, இந்த மிஷினோட மோட்டாரைக் கழற்றி அவன் நாற்காலியில் மாட்டினா என்ன என்று யோசித்தாராம். அந்த யோசனை எசெக்ஸில் ஒரு கம்பெனியாகி, அரசாங்கம் வாங்கி விநியோகிக்கிற வண்டியாகவும் ஆனது.

வெளிர்நீல நிறம், ஃபைபர் கிளாஸ் உடம்பு, மூணே சக்கரம், ஒரே ஒரு சீட். 1970களில் கால்பந்து மைதானங்களின் ஓரக்கோட்டை ஒட்டி இந்த நீல வண்டிகள் வரிசையா நிற்பதைப் பழைய படங்களில் பார்க்கலாம். உள்ளே இருப்பவர்கள் வண்டியில் இருந்தபடியே ஆட்டம் பார்ப்பார்கள். 70களின் நடுவில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

நல்ல விஷயந்தானே என்று தோன்றும். வண்டி கிடைத்தவர்களுக்கு அது பெரிய விடுதலைதான், சந்தேகமே இல்லை. ஆனா பாருங்க, ஒரே சீட். பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, குழந்தையை ஏற்றக் கூடாது, சட்டப்படி தப்பு. காற்று பலமா அடித்தால் வண்டி ஆட்டம் காணும். வழியில் நின்றுபோனால் இறங்கித் தள்ளவும் முடியாது, அதுக்காகத்தானே அந்த வண்டியே! போரில் அடிபட்ட சிலருக்கு மட்டும் நாலு சக்கர கார் கொடுத்தார்கள். அதே மாதிரி கால் இல்லாத சாதாரண ஆளுக்கு மூணு சக்கரம். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் வண்டி. ஓட்ட முடியாத அளவுக்கு உடல்நிலை மோசமானவருக்கு ஒன்றும் கிடையாது. அதிகமா முடியாதவருக்குக் குறைவா உதவி. தலைகீழ் நியாயம்.

ஒரு கடிதம், ஒரு மசோதா

1965ல் மேகன் டு புவாசன் என்ற பெண்மணி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் வந்தவர், கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னொரு பெண்மணியுடன் சேர்ந்து 'டிஸேபிள்மென்ட் இன்கம் குரூப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் கேட்டது சிம்பிள். போரில் அடிபட்டவனுக்கு ஓய்வூதியம், தொழிற்சாலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு. வீட்டில் அடுப்படியில் இருந்தபடி நோயில் விழுந்தவளுக்கு என்ன? ஊனம் எப்படி வந்தது என்று பார்க்காதே, ஊனத்தால் என்ன செலவாகிறது என்று பார். இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் பிறகு வந்த எல்லா உதவித்தொகையும் நிற்கிறது. 1969ல் கார் விபத்தில் அவர் இறந்துபோனார்.

அதே காலத்தில் தாலிடோமைட் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு 1961ல் வாபஸ் வாங்கப்பட்ட மருந்து அது. கை கால் வளராமல் பிறந்த அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. நடக்க முடியாத ஒரு பையன் வெளியே போகவர என்ன வழி என்று கேட்டால், "ஓட்டத் தெரிந்தால் வண்டி" என்ற பதில் எங்கே செல்லும்?

பாராளுமன்றத்துக்குள் இதை எடுத்துப்போனவர் ஆல்ஃப் மோரிஸ். மான்செஸ்டர் பக்கத்து எம்.பி. அவர் அப்பா முதல் உலகப்போரில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்தவர், விஷவாயுவும் சுவாசித்தவர். ஆல்ஃபுக்கு 7 வயதில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குப் போர் விதவை ஓய்வூதியம் முதலில் கிடைக்கவில்லை. படிவம், அலுவலகம், மறுப்புக் கடிதம் எல்லாம் பார்த்து வளர்ந்த பையன். 1969ல் தனிநபர் மசோதாக்களுக்கான குலுக்கலில் அவர் பெயர் முதலில் வந்தது. பெரும்பாலும் யாருக்கும் வலிக்காத ஏதாவதொரு மசோதாவைக் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது நாள்பட்ட நோயாளிகள், ஊனமுற்றோர் சட்டம், 1970. 1974ல் அவரையே ஊனமுற்றோருக்கான அமைச்சராக ஆக்கினார்கள். அப்படி ஒரு பதவி அதற்கு முன் அங்கே இருந்ததில்லை.

வண்டி போய் காசு வந்தது

1974ல் ஷார்ப் அம்மையாரின் அறிக்கை மூணு சக்கர வண்டி வேண்டாம் என்றது. அரசு வண்டிக்குப் பதில் பணம் என்ற வழியைப் பிடித்தது. 1975ல் சட்டம், 1976 ஜனவரி 1 முதல் 'மொபிலிட்டி அலவன்ஸ்'. வாரம் 5 பவுண்டு. வயதுப் பிரிவு வாரியாக படிப்படியாக விரிந்தது. ஓட்டத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் போயிற்று. குழந்தைக்கும் உண்டு.

ஆனா 5 பவுண்டை வைத்து கார் வாங்க முடியுமா? அதற்காகத்தான் 1977ல் 'மோட்டபிலிட்டி' என்ற தொண்டு அமைப்பு வந்தது. அலவன்ஸை அப்படியே அவர்களிடம் திருப்பிவிட்டால் குத்தகைக்குக் கார். 1978ல் முதல் கார்கள் கைமாறின. இன்றைக்கும் அதே முறைதான். உதவித்தொகை போனால் கார் போய்விடும் என்று நம் நண்பர்கள் பதறுகிறார்களே, அதற்குக் காரணம் இந்த முடிச்சு. பழைய நீல வண்டிகள் மெல்ல மெல்ல ஓய்ந்து, 2003 மார்ச் 31க்குப் பிறகு சாலையில் ஓடவே தடை வந்தது.

இங்கேதான் ஒரு திருப்பம். வண்டி கொடுத்த காலத்தில் கேள்வி "உனக்கு என்ன தேவை?" என்பது. காசு கொடுக்க ஆரம்பித்ததும் கேள்வி "நீ தகுதியானவனா?" என்று மாறியது. தகுதிக்கு ஒரு வரி எழுத வேண்டும். எழுதிய வரி: 'நடக்க முடியாதவர், அல்லது கிட்டத்தட்ட நடக்க முடியாதவர்'. இந்தக் 'கிட்டத்தட்ட' இருக்கே, அதை வைத்து வக்கீல்களும் டாக்டர்களும் பல வருஷம் மல்லுக்கட்டினார்கள்.

நடப்பது என்றால் என்ன?

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் மாதிரி இருக்கும். கோர்ட்டுக்குப் போனால்தான் எவ்வளவு கஷ்டமான கேள்வி என்று தெரியும். கண் தெரியாத, மூளை பாதிப்பால் திசையே புரியாத ஒரு பெண். கால் நல்லா இருக்கிறது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் நடப்பார். தனியா விட்டால் ஓரடி நகர முடியாது. இவர் நடக்க முடிந்தவரா, முடியாதவரா? 1985ல் பிரபுக்கள் சபை வரை போன வழக்கு. தீர்ப்பு: கால் நடக்கிறதே, ஆகவே சட்டப்படி நடக்க முடிந்தவர். அலவன்ஸ் இல்லை.

சட்டத்தின் எழுத்துப்படி சரியாகவே இருக்கலாம். ஆனா இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1992 ஏப்ரலில் 'டிஸேபிலிட்டி லிவிங் அலவன்ஸ்', அதாவது டி.எல்.ஏ. வந்தபோது, நடமாட்டத்துக்கு இரண்டு விகிதம் வைத்தார்கள். நடக்க முடியாதவருக்கு உயர்ந்தது. கால் இருந்தும், பழக்கமில்லாத இடத்தில் இன்னொருவர் துணை இல்லாமல் வெளியே போக முடியாதவருக்குக் குறைந்தது. 1985ல் தோற்றவர் மாதிரியானவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. பார்வை மிகவும் இழந்தவர்களுக்கு உயர்ந்த விகிதமே கிடைக்க 2011 வரை போராட வேண்டியிருந்தது. தோற்ற வழக்கும் சில நேரம் சட்டத்தை மாற்றும், கொஞ்சம் லேட்டா.

டி.எல்.ஏ. விதியில் 'கிட்டத்தட்ட' என்பதற்கு நாலு அளவுகோல் இருந்தன. எவ்வளவு தூரம், என்ன வேகம், எவ்வளவு நேரம், எந்த விதத்தில். இந்த நாலையும் கடுமையான அசௌகரியம் இல்லாமல் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். விதியில் மீட்டர் கணக்கே கிடையாது. ஒருவர் 100 மீட்டர் போனார், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் வலியில் முகம் சுளித்துக்கொண்டே போனார் என்றால், வலி ஆரம்பித்த பிறகு நடந்த தூரம் கணக்கில் வராது. மனுஷனை மனுஷனா பார்க்க இடம் விட்ட விதி என்று சொல்லலாம். அதே காரணத்தால், ஆளுக்கு ஆள் தீர்ப்பு வேறுபடுகிறது என்ற புகாரும் இருந்தது. அதையும் சொல்லணுமில்லையா.

ஐம்பது எப்படி இருபது ஆச்சு?

2010ல் ஆட்சி மாறி சிக்கனம் சிக்கனம் என்று பேச்சு. டி.எல்.ஏ.வுக்குப் பதில் பிப். 2012ல் சட்டம், 2013 ஏப்ரல் 8ல் இங்கிலாந்தின் வடக்குப் பகுதிகளில் தொடக்கம், ஜூனில் மற்ற இடங்களுக்கு. இப்போது எல்லாம் பாயின்ட். 8 வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் உயர்ந்த விகிதம்.

வரைவு விதிகளில் 50 மீட்டர் என்றுதான் பேச்சு இருந்தது. அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. போக்குவரத்துத் துறையின் வழிகாட்டியே, கைத்தடி ஊன்றி நடப்பவர் ஓய்வில்லாமல் போகக்கூடிய தூரம் 50 மீட்டர் என்று வைத்துத்தான் பஸ் ஸ்டாப், பெஞ்ச் எல்லாம் அமைக்கச் சொல்லியிருந்தது. பார்க்கிங்கிலிருந்து கடை வாசல் வரைக்கும் போக ஆகும் தூரம் அது. ஆனா 2012 டிசம்பரில் வந்த இறுதி விதியில் 12 பாயின்ட் வாங்க வேண்டிய கோடு 20 மீட்டர் ஆகியிருந்தது. 20க்கு மேல் 50 வரை தானாக நடப்பவருக்கு 8, தடி மாதிரி ஏதாவது உபகரணத்தோடு நடப்பவருக்கு 10, 50க்கு மேல் 200 வரை 4.

பெஞ்ச் போடுகிற துறைக்கு ஒரு கணக்கு, காசு கொடுக்கிற துறைக்கு வேறொரு கணக்கு. ஒரே அரசாங்கம்தான். :-)

எதிர்ப்பு வந்தது, வழக்கும் வந்தது. கலந்தாலோசனை சரியா நடக்கவில்லை என்ற வாதத்தால் 2013ல் அரசு மறுபடி கருத்துக் கேட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் 20 வேண்டாம் என்றார்கள். அரசு 20தான் என்றது. 2014ல் உயர்நீதிமன்றம், 2015ல் அப்பீல் நீதிமன்றம், இரண்டும் அரசு பக்கம். கோடு நின்றது. 2022ல் ஸ்காட்லாந்து தனியாகத் தன் உதவித்தொகையை ஆரம்பித்தபோதும் இந்த 20 மீட்டர் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டது.

நாலு வார்த்தை

இதே சண்டைக்கு நடுவில் வேறொன்று கிடைத்தது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது இதைத்தான். ஒருவரால் ஒரு காரியம் 'முடியும்' என்று சொல்ல வேண்டுமானால் நாலு நிபந்தனை பூர்த்தியாக வேண்டும். பாதுகாப்பாக. ஏற்கத்தக்க தரத்தில். திரும்பத் திரும்ப. நியாயமான நேரத்துக்குள். முதலில் இது வழிகாட்டிக் குறிப்பில் மட்டுமே இருக்கும் என்றார்கள். குறிப்பை எந்த நாளும் மாற்றலாம், சட்டத்தில் எழுது என்று அமைப்புகள் அடம்பிடித்தன. 2013 தொடக்கத்தில் விதியிலேயே ஏறியது.

இதுக்கு என்ன அர்த்தம்? 'நியாயமான நேரம்' என்றால், அந்தக் குறைபாடு இல்லாதவர் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. 'திரும்பத் திரும்ப' என்றால், ஒரு நாளில் நியாயமாக எத்தனை தடவை தேவையோ அத்தனை தடவை. காலையில் ஒருமுறை 40 மீட்டர் நடந்துவிட்டு மத்தியானம் பூரா படுக்கையில் கிடப்பவர் 40 மீட்டர் நடப்பவரே அல்ல. 'பாதுகாப்பாக' என்பதற்கு 2017ல் மேல் தீர்ப்பாயம் ஒரு முக்கியமான விளக்கம் கொடுத்தது. ஆபத்து வர வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, வந்தால் எவ்வளவு மோசமாகும் என்றும் பார் என்று. வாரத்துக்கு ஒரு தடவை முன்னறிவிப்பு இல்லாமல் வலிப்பு வருகிறவர் மற்ற 6 நாள் நல்லாத்தானே ரோட்டைக் கடந்தார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டி.எல்.ஏ.வின் தூரம், வேகம், நேரம், விதம் என்ற நாலும் முன்வாசல் வழியா துரத்தப்பட்டு, கொல்லைப்புறமா திரும்பி வந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. மீட்டர் கோட்டை வைத்தவர்கள் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். நாலு வார்த்தையை வாங்கியவர்கள் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் கொடுத்தார்கள். இன்று நடக்கிற அப்பீல்களில் பாதிச் சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பயத்தாலும் கால் நிற்கும்

கால் சரியாக இருந்தும் வெளியே போக முடியாதவர் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. பிப்பில் நடமாட்டத்துக்கு இரண்டு தலைப்பு. ஒன்று நகர்வது. இன்னொன்று பயணத்தைத் திட்டமிட்டு வழி பார்த்துப் போவது. கடுமையான மனப்பதற்றத்தால் துணையில்லாமல் போக முடியாதவருக்கும் இரண்டாவது தலைப்பில் கூடுதல் பாயின்ட் உண்டு என்று 2016 நவம்பரில் மேல் தீர்ப்பாயம் சொன்னது. அரசு என்ன செய்தது தெரியுமா? 2017 மார்ச்சில் விதியையே மாற்றி, மன உளைச்சல் காரணமா இருந்தால் அந்தப் பாயின்ட் கிடையாது என்று எழுதிவிட்டது. 2017 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதைத் தூக்கிக் கடாசியது. மனநோய் உள்ளவர்களிடம் அப்பட்டமான பாகுபாடு என்று. 2018 ஜனவரியில் மேல்முறையீடு செய்வதில்லை என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. சுமார் 16 லட்சம் பேரின் கோப்பை மறுபடி பார்க்க வேண்டி வந்தது.

1985ல் கையைப் பிடித்தால் நடப்பாரே என்று தோற்ற வழக்கையும், 32 வருஷம் கழித்து வந்த இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கேள்விதான். நடை காலில் மட்டும் இருக்கிறதா?

அப்பீல் மேசை

யாரிடம் போய் முறையிடுவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்து மொபிலிட்டி அலவன்ஸில் டாக்டர்கள் குழு ஒன்று, அதற்கு மேல் மருத்துவ அப்பீல் தீர்ப்பாயம். 1957லேயே ஃபிராங்ஸ் குழு, தீர்ப்பாயங்களுக்கு வெளிப்படைத்தன்மை, நியாயம், நடுநிலை மூன்றும் வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1992ல் வந்த தீர்ப்பாயங்களில் ஒரு புதுமை. சட்டம் தெரிந்தவர், டாக்டர், கூடவே மூன்றாவதாக ஊனம் பற்றி அனுபவத்தில் அறிந்தவர் ஒருவர். இன்றும் பிப் அப்பீலில் பொதுவா இந்த மூணு பேர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியாவது நம்ம வாழ்க்கை தெரிந்தவருக்கு என்ற இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை.

அப்பீலுக்குக் கட்டணம் கிடையாது. ஆனா 2013 ஏப்ரல் என்ற மாதத்தைக் கவனியுங்கள். பிப் தொடங்கிய அதே மாதம், இந்த மாதிரி வழக்குகளின் முதல் கட்டத்துக்கான இலவச சட்ட உதவியை எடுத்துவிட்டார்கள். நேரே தீர்ப்பாயத்துக்குப் போகவும் முடியாது, முதலில் அதே துறையிடம் 'கட்டாய மறுபரிசீலனை' கேட்டாக வேண்டும். வக்கீல் வாசல் மூடியது, நடுவில் இன்னொரு வாசல் முளைத்தது. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர்கள்தான் மகள்கள், மருமகன்கள், அக்காக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆலோசனை மையங்கள் உதவுகின்றன, அங்கேயும் கூட்டம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு எண். தீர்ப்பாயம் வரை போய் வாதாடப்பட்ட பிப் வழக்குகளில், பல வருடங்களாகப் பத்துக்கு ஆறு, ஏழு உரிமை கோரியவருக்குச் சாதகமாக முடிந்திருக்கின்றன. புதுசா ஒரு ரகசிய ஆதாரம் வந்ததால் மட்டும் இல்லை. அந்த மூணு பேர் ஆளை நேரில் பார்த்து, உட்காரவைத்து, கேட்டதால். மறுபரிசீலனையில் மறுப்பு வந்ததும் மனசு விட்டுப்போய் நிறுத்திக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். இந்த எண்ணை அவர்களிடம் யாராவது சொன்னார்களா என்பதுதான் என் ஆதங்கம்.

சொந்தக்காரருக்காகப் பேசும்போது

வரலாற்றை மட்டும் சொல்லிவிட்டு ஓடக் கூடாது. இந்தக் கதையிலிருந்து கைக்கு வருகிற சில விஷயங்கள்:

ஒன்று, கேள்வியை மாற்றுங்கள். "அப்பா நடப்பாரா?" இல்லை. எப்படி நடப்பார், எத்தனை தடவை நிற்பார், எதைப் பிடிப்பார், எவ்வளவு நேரம் ஆகும், போய் வந்த பிறகு எத்தனை மணி நேரம் படுப்பார், மறுநாள் எப்படி இருப்பார். வாசல், கேட், அடுத்த வீட்டுச் சுவர் என்று நிஜமான தூரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இரண்டு வாரம் டைரி எழுதினால் போதும், பேச்சுக்கு முதுகெலும்பு வந்துவிடும். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதே விதியின் கணக்கு. நல்ல நாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேசினால், கெட்ட நாட்களின் எண்ணிக்கையை நீங்கள் வையுங்கள்.

இரண்டு, பாயின்ட்டைக் கூட்டிப் பாருங்கள். நகர்வதில் 8 கிடைத்து, மனப்பதற்றத்தால் வெளியே போக ஒருவர் தைரியம் சொல்லித் தூண்ட வேண்டியிருக்கிறது என்று 4 கிடைத்தால், 12. இரண்டு தலைப்பும் சேர்ந்துதான் மொத்தம். பயணத்தைத் திட்டமிடும் தலைப்பைக் காலியா விட்டுவிடாதீர்கள்.

மூன்று, தேதி. மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம், அதன் முடிவு வந்தபின் அப்பீலுக்கு ஒரு மாதம். தீர்ப்பாயம் பார்ப்பது அந்த முடிவு எடுத்த தேதியில் நிலைமை எப்படி இருந்தது என்பதை. அதற்குப் பிறகு மோசமானால் அது வேறு விண்ணப்பம். ஏற்கனவே கிடைத்துக்கொண்டிருப்பது குறையவும் அப்பீலில் வாய்ப்பு உண்டு, ஆகவே ஏதோ கொஞ்சம் கிடைத்திருந்தால் யோசித்து, முடிந்தால் ஆலோசனை மையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான்கு, வயது. அரசு ஓய்வூதிய வயது தாண்டிய பிறகு நடமாட்டத்துக்கான பகுதியைப் புதிதாகக் கேட்க முடியாது. முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸில் அந்தப் பகுதியே கிடையாது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும். 2025-26ல் உயர்ந்த விகிதம் வாரம் 77.05 பவுண்டு, சாதாரண விகிதம் 29.20. வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 2,500 பவுண்டு, கார் தனி.

ஐந்து, மொழி. இது குறிப்பா நம்மாட்களுக்கு. தமிழில் பேசத்தான் வசதி என்றால், தீர்ப்பாயம் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்யும். முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மகன் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். மகன் பிரதிநிதியாகவோ சாட்சியாகவோ இருக்கலாம், அதற்கு வேறு வலிமை உண்டு. தினம் குளியலறை வரை கைத்தாங்கலா கூட்டிப்போகிறவர் சொல்வதும் சாட்சியம்தான், டாக்டர் கடிதம் மட்டும் இல்லை.

மொழியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம்ம வீட்டுப் பெரியவர்களிடம் அதிகாரி ஒருவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "ஏதோ இருக்கேன் சாமி, பரவாயில்லை." கடைக்குப் போவீங்களா என்றால், "போவேன், மெதுவா போய்ட்டு வந்துடுவேன்." அது மரியாதை. அடுத்தவரிடம் நம் பாட்டைப் புலம்பக் கூடாது என்று ஆயுசு முழுக்கப் பழகிய கௌரவம். அது அறிக்கையில் "உதவியின்றிக் கடைக்குச் செல்கிறார்" என்று ஏறும். அந்த 'மெதுவா' என்ற வார்த்தைக்குள் 4 தடவை சுவரைப் பிடித்து நின்றதும், வந்து மூணு மணி நேரம் படுத்ததும் இருக்கிறது. அதை வெளியே எடுத்துச் சொல்வதுதான் கூடப் போகிறவர் வேலை. பொய்யெல்லாம் சேர்க்கத் தேவையே இல்லை. கௌரவம் மறைத்து வைத்த உண்மையைச் சொன்னாலே போதும்.

ஆனா அதை அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவரால் என்னென்ன முடியாது என்று ஒன்றொன்றாக மூணு அந்நியர்களிடம் மகள் பட்டியல் போடுவது. இந்த முறைக்கு மனுஷர்கள் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு இது, எந்தக் கணக்கிலும் வராதது. முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து, நாளைக்கு இதையெல்லாம் நான் சொல்லப் போறேன் அப்பா என்று பேசிவிடுவது நல்லது. வார்த்தையை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

மேகன் டு புவாசன் கேட்டது ஊனத்தால் ஆகிற செலவைப் பார் என்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாம் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2025ல்கூட பிப்பின் தினசரி வாழ்க்கைப் பகுதியை இறுக்க ஒரு மசோதா வந்து, ஆளுங்கட்சி எம்.பி.க்களே முரண்டு பிடித்ததால் அந்தப் பகுதி ஜூலையில் கைவிடப்பட்டது. கோடுகள் இனியும் நகரும், எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. இதுவரை நல்ல பக்கம் நகர்ந்த ஒவ்வொரு தடவையும், யாரோ ஒருவர் மறுப்புக் கடிதத்தை மடித்து உள்ளே வைக்காமல் பதில் எழுதியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் யாராவது இந்த அப்பீல் வரை போய் வந்திருந்தால், எது உதவியது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயர், ஊர் வேண்டாம், விஷயம் போதும். அடுத்து போகிறவருக்கு உதவும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. விதிகளும் தொகைகளும் வருஷாவருஷம் மாறும். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.